கோப்பளவும் கொத்தளவும்

1. முன்னுரை

சுவடிகளைக் காத்தல் தமிழ்த்துறையார்க்குப் புதிய கடமை அன்று. ஓலையில் எண்ணெய் பூசியும், கட்டிய ஏட்டை அவிழ்த்துக் காற்றாட விட்டும், சிதைந்தவற்றைப் புதிய ஓலையில் படியெடுத்தும் நம் முன்னோர் அக்கடமையை ஆற்றினர். இன்று அவ்வேடுகளின் ஒளிப்படங்களும், அவற்றைப் பார்த்தெழுதிய படிகளும், சொல்லடைவுச் சீட்டுகளும் கணிப்பொறியின் வன்தட்டில் கோப்புகளாக அமர்ந்துள்ளன. ஆகவே, வன்தட்டு தன்னிடத்தை யாங்ஙனம் பகுத்து வழங்குகின்றது என்பதை ஓரளவேனும் அறிதல் நமக்கும் இன்றியமையாததாயிற்று. அப்பகுப்பின் அடிப்படை அலகு ‘கிளஸ்டர்’ எனப்படும். கணிப்பொறித் தமிழில் இதனைக் ‘கொத்து’ என்பர். யாமும் அச்சொல்லையே ஆள்வோம். கொத்தின் அளவை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இதனை ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. எம் துறையில் சொல்லடைவுப் பணிக்கென 2,40,000 சொற்சீட்டுகள் கணிப்பொறியில் ஏற்றப்பெற்றிருந்தன. சொல், அது பயின்று வரும் இடம், பொருள், குறிப்பு ஆகியன ஒரு சீட்டில் அடங்கும். சீட்டு ஒன்றுக்குக் கோப்பு ஒன்று என அமைத்திருந்தோம். ஒவ்வொரு கோப்பும் ஏறத்தாழ 1,000 பைட்டு அளவினது. அனைத்தையும் கூட்டினால் 229 மெகாபைட்டே ஆகும். இவற்றுக்குக் காப்புப்படி எடுக்க விரும்பி, 64 கிகாபைட்டுப் பென்டிரைவ் ஒன்றில் படியெடுத்தோம். அதில் ஏட்டுப்படங்கள் முன்னரே ஏறத்தாழ 35 கிகாபைட்டு இடத்தைக் கொண்டிருந்தன; எஞ்சியது 24 கிகாபைட்டுக்கு மேல். 229 மெகாபைட்டுக்கு அஃது எத்துணையோ மிகுதி அன்றோ? ஆயினும், படியெடுப்பின் இடையே ‘இடமில்லை’ என்னும் அறிவிப்பு தோன்றிற்று. இத்துணை வெற்றிடம் இருக்க இடமில்லை என்றல் பொருந்தாது, இது வேறேதோ பற்றிய அறிவிப்பு என்று எண்ணி அதனை மூடிவிட்டோம்.

சில திங்கள் கழித்துத் துறைக் கணிப்பொறியின் வன்தட்டு பழுதுற்றது. பென்டிரைவைத் திறந்து நோக்கியபோது இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட சீட்டுகளே அதில் இருந்தன. கணிப்பொறி கோப்புகளைப் பெயர் வரிசையில் படியெடுத்தமையின், மகரத்தின் பிற்பகுதி முதல் வகரம் ஈறாக ஏறத்தாழ 38,000 சீட்டுகள் அங்கு வந்து சேரவே இல்லை. நற்பேறாகப் பழைய தாட்சீட்டுகள் கழிக்கப்படாமல் பெட்டிகளில் இருந்தன. அவற்றைக் கொண்டு மீண்டும் தட்டச்சு செய்ய நேர்ந்தது. தாட்சீட்டுகளும் இல்லையாயின், மூத்த ஆசிரியர் பலர் ஆண்டுக்கணக்கில் தொகுத்த உழைப்பு முற்றும் அழிந்திருக்கும். பிழை கருவியினுடையது அன்று, எம்முடையதே. 229 மெகாபைட்டு எவ்வாறு 24 கிகாபைட்டில் அடங்காமற்போயிற்று என்னும் வினாவுக்கு விடை கண்டால் கொத்தளவின் இயல்பு முழுதும் விளங்கும்.

ஈண்டு ஒரு வரையறை கூறுதல் வேண்டும். இக்கட்டுரையில் கிலோபைட்டு என்பது 1,024 பைட்டு. மெகாபைட்டு 1,024 கிலோபைட்டு. கிகாபைட்டு 1,024 மெகாபைட்டு. விற்பனையாளர் ஆயிரத்தின் பெருக்கமாகவே கணக்கிடுவர். ஆதலின், 64 கிகாபைட்டு என விற்கப்படும் பென்டிரைவ் நம் கணக்கில் 59.6 கிகாபைட்டே கொள்ளும்.

2. கொத்து என்பது யாது?

எழுத்து அசையாகவும், அசை சீராகவும், சீர் அடியாகவும் அமைதல் போல, வன்தட்டிலும் அலகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன. தட்டு ஒரே முறையில் படிக்கவும் எழுதவும் இயலும் மிகச் சிறிய பகுதிக்குச் செக்டர் என்று பெயர். நெடுங்காலம் ஒரு செக்டர் 512 பைட்டாக இருந்தது. 2011-ஆம் ஆண்டளவில் வன்தட்டு செய்வோர் 4,096 பைட்டுச் செக்டருக்கு மாறினர். ஒன்றோ பலவோ ஆகிய செக்டர்கள் சேர்ந்தது கொத்து. தட்டின் இடத்தைக் கோப்புகளுக்குப் பங்கிட்டு, எக்கோப்பு எங்குள்ளது என்று கணக்கு வைக்கும் அமைப்பு கோப்பு முறைமை எனப்படும். அக்கோப்பு முறைமை செக்டரை எண்ணுவதில்லை, கொத்தையே எண்ணுகின்றது.

இங்கு முதன்மையாக உணரத்தக்க விதி ஒன்றே: ஒரு கொத்து ஒரு கோப்புக்கே உரியது, அதில் வெற்றிடம் எஞ்சினும் பிறிதொரு கோப்பு அங்குக் குடியேறாது. மரக்காலால் மட்டுமே அளந்து வைக்கும் களஞ்சியம் ஒன்றைக் கருதுக. அங்கே உழக்கு நெல் கொண்டு வந்தவனுக்கும் ஒரு மரக்கால் ஒதுக்கப்படும்; ஒரு மரக்காலும் ஒரு பிடியும் கொண்டு வந்தவனுக்கு இரண்டு ஒதுக்கப்படும். அவ்வாறே, கொத்தளவு 4 கிலோபைட்டாயின், ஒரு பைட்டுக் கோப்பும் 4,096 பைட்டு இடத்தைக் கொள்ளும். 4,097 பைட்டுக் கோப்பு 8,192 பைட்டு இடத்தைக் கொள்ளும்.

இதனால் இரண்டு முடிபுகள் பெறப்படும். கொத்தினும் பன்மடங்கு பெரிய கோப்புகளில் இறுதிக் கொத்து மட்டுமே நிரம்பாது நிற்கும். ஆதலின், சராசரியாகக் கோப்பு ஒன்றுக்கு அரைக்கொத்து வீணாகும். கொத்தினும் மிகச் சிறிய கோப்புகளிலோ ஏறத்தாழக் கொத்து முழுவதுமே வீணாகும். வீணாகும் இடத்தைக் கோப்புகளின் மொத்த அளவு தீர்மானிப்பதில்லை. அவற்றின் எண்ணிக்கையும் கொத்தளவுமே தீர்மானிக்கின்றன என்பது கருத்து.

விண்டோஸ் கணிப்பொறியில் ஓர் உறையின் பண்புகளைத் திறந்து பார்ப்பின், ‘அளவு’ என்றும் ‘தட்டில் கொள்ளும் அளவு’ என்றும் இரண்டு எண்கள் காணப்படும். முன்னது கோப்பின் உண்மை அளவு. பின்னது கொத்துக் கணக்கு. யாம் முதல் எண்ணை மட்டும் நோக்கி இரண்டாம் எண்ணை நோக்காது விட்டோம். அதுவே எம் பிழையின் வேர்.

3. பெருங்கொத்து தோன்றியமைக்குக் காரணம்

சிறு கொத்தே இடத்தைச் சிக்கனமாக ஆளுமாயின், பெருங்கொத்து எதற்கு என்னும் வினா எழும். அதற்கு இரண்டு காரணங்கள் உள.

முதலாவது, கணக்கேட்டின் அளவு. கொத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். பழைய ஃபேட் 16 முறைமையில் அவ்வெண் 16 இருமக்கூறுகளால் ஆயது. ஆகவே ஏறத்தாழ 65,500 கொத்துகளுக்கு மேல் எண்ண இயலாது. தட்டுப் பெருகப் பெருகக் கொத்தைப் பெரிதாக்குவது ஒன்றே வழியாயிற்று. 2 கிகாபைட்டுப் பகுதிக்கு 32 கிலோபைட்டுக் கொத்து வேண்டியிருந்தது. அக்காலத்துக் கணிப்பொறியில் ஓரிரு வரிகளே உடைய கடிதமும் 32 கிலோபைட்டை அடைத்துக்கொண்டது இதனாலேதான். 1996-ஆம் ஆண்டு வெளிவந்த ஃபேட் 32 கொத்தின் எண்ணை நீட்டியது. அதனால் 8 கிகாபைட்டுப் பகுதி வரையில் 4 கிலோபைட்டுக் கொத்தே இயல்பளவாக அமைந்தது.

இரண்டாவது, விரைவு. சுழலும் வன்தட்டில் படிக்கும் தலை உரிய இடத்துக்கு நகரவும், வேண்டிய பகுதி சுழன்று தலைக்கு நேரே வரவும் காலம் செல்லும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி ஆகும். சராசரிக் காத்திருப்பு அதிற் பாதி. தலை நகரும் காலத்தையும் கூட்டி, ஓரிடத்தை அடைய 12 மில்லிநொடி எனக் கொள்வோமாயின், ஒரு நொடியில் ஏறத்தாழ 80 இடங்களையே அடைதல் கூடும். 40 மெகாபைட்டு ஏட்டுப்படம் ஒன்றின் கொத்துகள் யாவும் ஒன்றோடொன்று தொடர்பின்றிச் சிதறிக் கிடக்கின்றன எனக் கொள்க. கொத்தளவு 4 கிலோபைட்டாயின் 10,240 இடங்களைத் தேட வேண்டும். 128 நொடி செல்லும். கொத்தளவு 64 கிலோபைட்டாயின் 640 இடங்களே. 8 நொடி போதும்.

நிற்க. இக்கணக்கு விரைவின் தத்துவத்தை விளக்கக் கூறிய எல்லை நிலைக் கணக்கே ஆகும். நடைமுறையில் கோப்புகள் அவ்வளவு சிதறுவதில்லை. இக்காலக் கோப்பு முறைமைகள் தொடர்ச்சியான இடத்தைத் தேடிப் பெரிய கோப்பை ஒருங்கே வைக்கும். ‘இன்ன கொத்திலிருந்து இத்தனை கொத்துகள்’ எனத் தொகுத்தே கணக்கும் எழுதும். மின்னணு நினைவகத்தால் ஆகிய எஸ்.எஸ்.டி. தட்டுகளிலோ நகரும் தலையே இல்லை. ஆகவே, பெருங்கொத்தினால் விளையும் விரைவு முன்னாளில் இருந்த அளவு இன்று இல்லை. பெரிய கோப்புகள் மட்டும் நிறைந்த, அடிக்கடி அழித்தெழுதப்பெறும் சுழல்தட்டிலேயே அது குறிப்பிடத்தக்கதாகும்.

4. பெர்க்கிலி ஆய்வு காட்டும் நெறி

சிக்கனமும் விரைவும் ஒன்றற்கொன்று முரண்படும் இந்நிலையை அளந்து காட்டிய ஆய்வுகளுள் சிறப்புடையது கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் நிகழ்ந்ததாகும். மெக்கூசிக், ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி என்னும் நால்வர் யூனிக்ஸ் முறைமைக்கென விரைவுடைய கோப்பு முறைமை ஒன்றை அமைத்து, அதன் விளக்கத்தை 1984-இல் வெளியிட்டனர். நாம் கொத்து எனக் கூறுவதனை அவர்கள் ‘பிளாக்’ என்பர்.

பழைய யூனிக்ஸ் முறைமையின் அலகு 512 பைட்டு. பெர்க்கிலியார் முதற்கண் அதனை 1,024 ஆக்கினர். அம்மாற்றம் ஒன்றினாலேயே வேகம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆயினும், தட்டின் ஆற்றலில் நூற்றுக்கு நான்கு பங்கே அப்போதும் பயன்பட்டது. மேலும், புதிதாக அமைத்தபோது நொடிக்கு 175 கிலோபைட்டாக இருந்த படிக்கும் வேகம், சில வாரப் பயன்பாட்டிற்குள் இடங்கள் சிதறியமையால் 30 கிலோபைட்டாகக் குறைந்தது. ஆகவே அலகை 4,096 ஆக்க விரும்பினர். விரும்பியவுடன் மாற்றிவிட்டனரோ எனின், இல்லை. தம் கணிப்பொறிகளில் உண்மையாக இருந்த 775.2 மெகாபைட்டுக் கோப்புகளை முதலில் அளந்து பார்த்தனர். 512 பைட்டு அலகில் வீண் நூற்றுக்கு 6.9, 1,024-இல் 11.8, 2,048-இல் 22.4, 4,096-இல் 45.6. இவ்வெண்கள் கோப்புகளைப் பற்றிய கணக்கேட்டின் இடத்தையும் உட்கொண்டவை. சிறு கோப்புகள் மிகுந்த அச்சூழலில் அலகு இரட்டிக்க இரட்டிக்க வீணும் ஏறத்தாழ இரட்டித்தமை இதனால் விளங்கும்.

இவ்வுண்மையைக் கண்ட பின்னரே அவர்கள் இடைவழி ஒன்றை வகுத்தனர். பெரிய அலகு 4,096 பைட்டு அல்லது அதற்கு மேல். அதனை இரண்டாகவோ நான்காகவோ எட்டாகவோ பிளந்து, கோப்பின் வாற்பகுதியை மட்டும் அச்சிறு துண்டுகளில் வைப்பது. இதனால் விரைவும் கிட்டியது. வீணும் சிறு அலகின் நிலைக்கே இறங்கியது. மரக்காலோடு உழக்கையும் களஞ்சியத்தில் வைத்துக்கொண்டாற் போன்றது இது.

நாம் இன்று ஆளும் விண்டோஸ் முறைமைகளில் இத்துண்டுமுறை இல்லை. எனினும் அந்நால்வர் சென்ற வழி நமக்கும் உரியதே. தமக்குரிய கோப்புகளை அளந்தறிந்து, அதன் பின்னரே அலகைத் துணிந்தனர் என்பதே அவ்வாய்வில் நாம் கொள்ளத்தக்க நெறி.

5. தமிழ்க் கோப்பின் இயல்பு

இனி, நம் கோப்புகளின் அளவை நோக்குவோம். இன்று தமிழை எழுதப் பெரிதும் வழங்குவது யூனிகோட் குறிமுறை. 1991-இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதனைக் கோப்பில் பதியும் முறைகளுள் மிகுதியும் வழங்கும் யூ.டி.எஃப். 8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல் நம் இலக்கணப்படி மூன்றெழுத்து. கணிப்பொறியிலோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள். ஆகவே 15 பைட்டு. யூ.டி.எஃப். 16-இல் அதுவே 10 பைட்டு ஆகும்.

குறள் வெண்பா ஒன்று யூ.டி.எஃப். 8-இல் ஏறத்தாழ 150 பைட்டு எனக் கொள்வோம். 1,330 குறளையும் ஒரே கோப்பில் எழுதின் 1,99,500 பைட்டு ஆகும். 4 கிலோபைட்டுக் கொத்தில் 49 கொத்துகள் நிரம்பும். வீணாவது 1,204 பைட்டே. குறள் ஒன்றுக்குக் கோப்பு ஒன்றாக 1,330 கோப்புகளாக்கி, ஒவ்வொன்றும் ஒரு கொத்தைக் கொள்ளுமாறு வைப்பின் அதுவே 5.2 மெகாபைட்டு ஆகும். கொத்தளவு 128 கிலோபைட்டாக உள்ள தட்டிலோ 166.25 மெகாபைட்டு வேண்டும். நூல் ஒன்றே, எழுத்தும் ஒன்றே, கோப்பைப் பகுத்த முறையும் கொத்தின் அளவுமே வேறு.

இதனால் பிறிதோர் உண்மையும் புலனாகின்றது. யூ.டி.எஃப். 8-இல் தமிழ் மும்மடங்கு இடம் கொள்கின்றதே என்று சிலர் வருந்துவர். பழைய ஒற்றைப் பைட்டுக் குறிமுறைகளின் சிக்கனத்தைப் பாராட்டுவர். ஆனால், 150 பைட்டுக் குறளை 50 பைட்டாகச் சுருக்கினும் அது கொள்ளும் கொத்து ஒன்றே. சிறு கோப்புகளைப் பொறுத்தவரை, குறிமுறையில் மிச்சம் பிடித்தது கொத்தின் வெற்றிடத்தில் கரைந்து போகின்றது. ஆகவே, தட்டில் இடம் கருதி யூனிகோடைக் கைவிடுதல் பொருந்தாது என்க.

6. வழங்கும் கோப்பு முறைமைகளும் அவற்றின் இயல்பளவும்

பயன்படுத்துவோர் கொத்தளவைக் கூறாதபோது முறைமை தானே ஓரளவைத் தேர்ந்துகொள்ளும். அதனை இயல்பளவு என்போம்.

விண்டோஸ் கணிப்பொறிகளின் உள்தட்டுகளில் வழங்குவது, 1993-இல் தோன்றிய என்.டி.எஃப்.எஸ். இதன் இயல்பளவு 16 டெராபைட்டு வரையிலும் 4 கிலோபைட்டே. வேண்டுவோர் 64 கிலோபைட்டு வரை உயர்த்தலாம். 2017-இல் வந்த பதிப்பு முதல் 2 மெகாபைட்டு வரையும் கொள்ள இயலும். இம்முறைமைக்குச் சிறப்பியல்புகள் இரண்டு உள. சில நூறு பைட்டே உடைய மிகச் சிறு கோப்பின் உள்ளடக்கத்தை, அக்கோப்பைப் பற்றிய பதிவேட்டு வரிக்குள்ளேயே இது வைத்துவிடும்; தனிக் கொத்து ஒதுக்காது. பதிவேட்டு வரி பொதுவாக 1 கிலோபைட்டு அளவினது. முன்னர்க் கூறிய தனித்தனிக் குறட்கோப்புகள் இம்முறைமையில் இவ்வாறே அடங்கும். எம் சொற்சீட்டுகளோ அவ்வரிக்குள் அடங்காத அளவின. இரண்டாவது, கோப்பைச் சுருக்கி வைக்கும் என்.டி.எஃப்.எஸ். வசதி 4 கிலோபைட்டினும் பெரிய கொத்தில் கிடையாது.

லினக்ஸ் கணிப்பொறிகளில் வழங்கும் எக்ஸ்ட் 4 முறைமையிலும் வழக்கமான அலகு 4 கிலோபைட்டே. அங்குக் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு, தட்டை அமைக்கும்போதே குறிக்கப்படுகின்றது. இயல்பாக 16 கிலோபைட்டு இடத்துக்கு ஒரு கோப்பு என்பது கணக்கு. சிறு கோப்புகள் மிகுமாயின், இடம் இருக்கவே இவ்வரம்பு தீர்ந்து போதலும் கூடும்.

பென்டிரைவிலும் வெளித்தட்டிலும் பெரிதும் வழங்குவது, 2006-இல் தோன்றிய எக்ஸ்ஃபேட். ஃபேட் 32-இல் 4 கிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ள ஒரு தனிக்கோப்பை வைத்தல் இயலாது. எக்ஸ்ஃபேட்டில் அத்தடை இல்லை. பல்வேறு கருவிகளிலும் திறக்கும் என்பது இதன் சிறப்பு. ஆனால் இதன் இயல்பளவு 32 கிகாபைட்டு வரை 32 கிலோபைட்டு. அதற்கு மேல் 128 கிலோபைட்டு. பெரிய படங்களும் ஒலிப்பதிவுகளும் சுமத்தற்கென அமைந்தது இது. சிறு சீட்டுகளுக்கென அமைந்தது அன்று.

இப்போது எம் வினாவுக்கு விடை எளிதாயிற்று. துறைக் கணிப்பொறியில் கொத்தளவு 4 கிலோபைட்டு. 2,40,000 சீட்டுகள் அங்கு 937.5 மெகாபைட்டு இடத்தைக் கொண்டிருந்தன. பென்டிரைவில் கொத்தளவு 128 கிலோபைட்டு. அதே சீட்டுகளுக்கு அங்கு 29.3 கிகாபைட்டு வேண்டும். இருந்த இடமோ 24.6 கிகாபைட்டு. அவ்விடத்தில் அடங்கும் கொத்துகள் ஏறத்தாழ 2,01,500. அத்துணைச் சீட்டுகளே அடங்கின. ‘இடமில்லை’ என்று கருவி கூறியது மெய். அதனை நம்பாதது எம் அறியாமை.

7. தேர்வு நெறி

ஈண்டுக் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கொத்தளவைத் தட்டின் பரப்பைக் கொண்டு துணிதல் தவறு, அதில் உறையும் கோப்புகளைக் கொண்டே துணிதல் வேண்டும் என்பது போதரும். தமிழ்த்துறை ஒன்றின் தொகுப்பை மூவகையாகப் பகுத்துக் காண்போம்.

முதல் வகை, நாளும் பணி செய்யும் தட்டு. இதில் கடிதம், கட்டுரை, படம், சீட்டு யாவும் கலந்திருக்கும். இதற்கு 4 கிலோபைட்டே தக்கது. இதனினும் குறைத்தலால் பயன் இல்லை, 4,096 பைட்டுச் செக்டர் உடைய தட்டில் 512 பைட்டுக் கொத்து வைப்பின், சிறு பகுதியை மாற்றுதற்கும் தட்டு முழுச் செக்டரையும் படித்துத் திருத்தி மீள எழுத வேண்டிவரும், வேகம் குன்றும். முன்னர்க் கூறிய சீட்டுகளில் 4 கிலோபைட்டுக் கொத்தால் ஏறத்தாழ 700 மெகாபைட்டு வீணாயிற்று. விழுக்காடாக நோக்கின் அது பெரிது. ஒரு டெராபைட்டுத் தட்டில் அஃது ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. வீண் என்பதைக் கோப்பின் அளவோடு மட்டும் ஒப்பிடாது, தட்டின் கொள்ளளவோடும் ஒப்பிட்டே மதித்தல் வேண்டும்.

இரண்டாம் வகை, ஏட்டுப்படங்களும் ஒலிப்பதிவுகளும் மட்டும் உறையும் தட்டு. ஒவ்வொன்றும் 40 மெகாபைட்டாக 20,000 படங்கள் உள எனக் கொள்க. மொத்தம் 781 கிகாபைட்டு. 64 கிலோபைட்டுக் கொத்தில் கோப்புக்கு அரைக்கொத்து வீதம் வீணாவது 625 மெகாபைட்டு. 4 கிலோபைட்டில் 39 மெகாபைட்டு. இரண்டும் இத்தட்டில் பொருட்படுத்தத் தக்கன அல்ல. சுழல்தட்டாயின் 64 கிலோபைட்டு கொள்ளலாம். கணக்கேடும் சுருங்கும், சிதறலும் குறையும். எஸ்.எஸ்.டி.யாயின் இயல்பளவை மாற்ற வேண்டுவதில்லை.

மூன்றாம் வகை, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லும் பென்டிரைவும் வெளித்தட்டும். இங்குக் கொத்தளவைக் குறைப்பதினும் கோப்புகளைக் கட்டுதலே சிறந்த வழி. ஓலைகளைத் தனித்தனியே பெட்டியில் இடாது துளையிட்டுக் கயிறு கோத்துச் சுவடியாக்கினர் அன்றோ? அதுபோலச் சீட்டுகளைத் ‘டார்’ அல்லது ‘ஜிப்’ கட்டாக்கி ஒரே கோப்பாகக் கொண்டு செல்லலாம். டார் முறையில் கோப்பு ஒன்றுக்கு 512 பைட்டு முகவரித் துண்டும், உள்ளடக்கம் 512-இன் மடங்காக நிரப்பப்பெற்ற பகுதியும் அமையும். 1,024 பைட்டுக்கு உட்பட்ட 2,40,000 சீட்டுகளும் இம்முறையில் ஏறத்தாழ 350 மெகாபைட்டுள் அடங்கும். 29.3 கிகாபைட்டு எங்கே, 350 மெகாபைட்டு எங்கே! படியெடுக்கும் வேகமும் பன்மடங்கு கூடும். இலக்கக் கணக்கான கோப்புகளைத் தனித்தனியே திறந்து மூடும் வேலை அங்கு இல்லை. ஆயினும், கட்டு ஒன்று சிதைந்தால் அனைத்துக்கும் இடையூறு நேரலாம்; ஆதலின் கட்டினை இருவேறு தட்டுகளில் வைத்தல் நன்று.

எவ்வகையாயினும் மறவாது போற்றத்தக்கது ஒன்று உண்டு. கொத்தளவு, தட்டை ஃபார்மட் செய்யும்போது குறிக்கப்படுவது. விண்டோஸில் ‘அலொக்கேஷன் யூனிட் சைஸ்’ என்னும் பெயரில் அவ்வினா தோன்றும். பலரும் அதனை நோக்காமலே கடந்து விடுவர். பின்னர் மாற்ற விரும்பின் மீண்டும் ஃபார்மட் செய்வதே பொதுவழி. அப்போது தட்டில் உள்ளவை யாவும் நீங்கும். ஆகவே, தட்டு வெறுமையாக இருக்கும் தொடக்க நாளிலேயே இதனை எண்ணித் துணிதல் வேண்டும். நிரம்பிய தட்டில் மாற்றம் செய்ய நேரின், இரண்டு காப்புப்படிகள் வேறிடத்தில் உள்ளன என்று உறுதி செய்த பின்னரே கை வைத்தல் வேண்டும்.

8. முடிவுரை

இன்று தட்டுகள் மிகப் பெரியன, இடம் மலிந்தது. கிலோபைட்டுக் கணக்கு ஆராய்வது எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். இடம் மலிந்தது உண்மையே. எம் பென்டிரைவிலும் இடம் மலிந்தே இருந்தது. ஆயினும் 38,000 சீட்டுகள் தங்க இடம் பெறவில்லை. கொத்தளவை ஆராய்தல் சில மெகாபைட்டை மிச்சப்படுத்தற்கு அன்று. கருவி காட்டும் எண்களுள் எது கோப்பின் அளவு, எது அது கொள்ளும் இடம் என வேறுபாடு அறிந்து, காப்பாற்றிவிட்டோம் என்று நாம் கருதுவன மெய்யாகவே காப்பாற்றப்பட்டனவா என்று தெளிதற்கே ஆகும்.

எம் துறையில் இப்போது பணித்தட்டு 4 கிலோபைட்டாகவும், படத்தட்டு 64 கிலோபைட்டாகவும் அமைந்துள்ளன. சீட்டுகள் கட்டாகவே வெளிச் செல்கின்றன. கட்டுவதற்கு முன்னும், மறுதட்டில் அவிழ்த்துப் பார்த்த பின்னும் கோப்புகளை எண்ணி, இரண்டு எண்ணும் ஒத்திருத்தலைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுகின்றோம். ஏடெழுதினோர் தம் படியின் இறுதியில் எழுதி முடித்த நாளைக் குறித்து வைத்தனர். எண்ணிப் பார்த்துக் கையொப்பமிடும் இவ்வழக்கமும் அம்மரபை ஒட்டியதே. பழைய தாட்சீட்டுகளையும் யாம் கழித்துவிடவில்லை. இத்தகைய தொகுப்புகளைப் பேணும் பிற துறையினரும் தம் தட்டுகளின் கொத்தளவையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒருமுறை நோக்கித் தெளிவாராக.